ட்ரக் ஸ்கூலில் பழகின நாட்கள்: பின்னுக்கு எடுக்கிறதுதான் பெரிய பாடம்

ஏ இசட் லைசன்ஸ் (ஒன்ராறியோவில் எயார் பிரேக் இருக்கிற பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுவதற்கானது) எடுக்கப் போகிறேன், எந்த ஸ்கூல் நல்லது என்று சொந்தக்காரத் தம்பி ஒருவர் போன கிழமை கேட்டார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு விட மனம் வரவில்லை. எந்த ஸ்கூல் என்பதைவிட, அங்கே போய் எதை விடாமல் கேட்டு வாங்க வேண்டும் என்பது முக்கியம். அதனால் நான் பழகின கதையை எழுதுகிறேன். ஓட்டுகிறவர்கள் உங்கள் கதையையும் சேருங்கள்.

எனக்குச் சொந்த இடம் இலங்கையில் பரந்தன். அப்பாவிடம் ஒரு மசி பேர்கசன் உழவு மெசினும் அதன் பின்னால் கொழுவுகிற ஒரு பெட்டியும் இருந்தன. அறுவடை நேரம் நெல் மூட்டை ஏற்றின பெட்டியை ஒழுங்கையால் பின்னுக்கு எடுத்துப் படலைக்குள் விடுவார். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் இருக்கும். ஒரு கை ஸ்ரியரிங்கின் அடியில், உடம்பு முழுக்கப் பின்னால் திரும்பியிருக்கும். பதினாறு வயதில் எனக்கும் பழக்கினார். ரொறன்ரோ வந்து ஒன்பது வருடம் வெயர்ஹவுசில் இரவு வேலை செய்துவிட்டு, 41 வயதில் ட்ரக் ஸ்கூலில் சேர்ந்தேன். மற்றது எது வராவிட்டாலும் பின்னுக்கு எடுப்பது வரும் என்று நம்பித்தான் போனேன்.

முதலில் சேர்ந்த இடத்தின் பெயர் வேண்டாம். ஒன்ராறியோவில் 2017 யூலை 1 முதல் 'மெல்ற்' என்ற கட்டாயப் பயிற்சி இருக்கிறது. ரோட் ரெஸ்றுக்கு முன் குறைந்தது 103.5 மணித்தியாலம் பழகியிருக்க வேண்டும், அதில் 50 மணித்தியாலம் ஸ்ரியரிங் பிடித்து. அந்த இடத்தில் ஒரு ட்ரக்கில் மூன்று பேரை ஏற்றுவார்கள். இரண்டு மணித்தியாலம் என்று எழுதுவார்கள், என் கையில் ஸ்ரியரிங் வருவது அரை மணித்தியாலம். மிச்ச நேரம் மற்றவர் ஓட்டுவதைப் பின்னாலிருந்து பார்ப்பதுதான். மூன்றாம் கிழமை ஒரு தாளைத் தந்து, எல்லா மணித்தியாலமும் முடிந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். என் கணக்கில் பதினொரு மணித்தியாலம்கூட வரவில்லை. போட மாட்டேன் என்றேன். கட்டின முற்பணம் போய்விட்டது. அந்தக் காசு இரண்டு மாதச் சேமிப்பு, இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு எரிகிறது. ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் யாரோ ஒருவரின் பிள்ளைக்கு முன்னால் ஓட்டத் தெரியாமல் போயிருப்பேன்.

இரண்டாவது இடம் பிரம்ரனில். பழக்கினவர் ஒரு பஞ்சாபிப் பெரியவர், நாங்கள் எல்லோரும் பாஜி என்றுதான் கூப்பிடுவோம். முதல் நான்கு நாள் ட்ரக்கை நகர்த்தவே விடவில்லை, சுற்றிப் பார்க்கத்தான் விட்டார். எயார் பிரேக் இருக்கிற வண்டியில் காற்றுத்தான் எல்லாம் என்பார். டாஷில் இரண்டு பட்டன்: எண்கோண வடிவில் இருக்கிற சிவப்பு ட்ரெய்லருக்குக் காற்று விடுவது, மஞ்சள் பார்க்கிங் பிரேக். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும். காற்றழுத்தம் காட்டுகிற ஊசி இறங்கி 60 பிஎஸ்ஐ அளவில் எச்சரிக்கைச் சத்தம் கத்தத் தொடங்கும். இன்னும் மிதித்தால் 45க்கும் 20க்கும் இடையில் எங்கேயோ அந்த இரண்டு பட்டனும் தாங்களாகவே 'டப்' என்று வெளியே பாயும். காற்று இல்லாத வண்டியை ஸ்பிரிங் பிடித்து நிறுத்திவிடுகிறது. காற்றுப் போனால் பிரேக்கும் போகும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பயம் குறைந்தது.

கியர் எனக்கு ஒரு கிழமை எடுத்தது. பத்துக் கியர். ஒவ்வொன்றுக்கும் கிளச்சை இரண்டு தரம் மிதிக்க வேண்டும்: மிதி, நியூட்ரலுக்கு எடு, விடு, திரும்ப மிதி, அடுத்ததுக்குப் போடு. கார் ஓட்டின பழக்கத்தில் கிளச்சை அடிமட்டம் வரை அமுக்கினால் ஓடும்போது கியர் விழவே விழாது, ஏனென்றால் அடியில் இருப்பது கிளச் பிரேக், நிற்கும்போது மட்டும் தொட வேண்டியது. வீட்டில் சோறு வடிக்கும்போதும் வாய் 'மிதி, எடு, விடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, பின்னுக்கு எடுக்கிற விசயத்துக்கு வருகிறேன்.

அப்பாவின் பெட்டி குட்டை. ஸ்ரியரிங்கை அசைத்த உடனே மடங்கும். 53 அடி ட்ரெய்லர் அப்படியில்லை. திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது. நடக்கவில்லையே என்று இன்னும் திருப்புவோம். பிறகு அது வரத் தொடங்கும்போது மொத்தமாக வரும், நிறுத்துவதற்குள் ட்ராக்டர் (இழுக்கிற முன் பகுதி) ஒரு பக்கம் ட்ரெய்லர் ஒரு பக்கமாக மடிந்து நிற்கும். முதல்நாள் எட்டுக் கூம்புகளையும் சாய்த்தேன். பாஜி ஏசவில்லை. ஏறி வந்து என் வலக் கையை எடுத்து ஸ்ரியரிங்கின் அடியில், ஆறு மணி முள் இருக்கிற இடத்தில் வைத்தார். "ட்ரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோ. கொஞ்சம்தான். பிறகு பொறு. கண்ணாடியைப் பார்" என்றார். அப்பாவின் கை எப்போதும் அடியில் இருந்தது ஏன் என்று அந்த நிமிடம்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நேராக எடுக்கும்போது எந்தக் கண்ணாடியில் ட்ரெய்லர் பெரிதாகத் தெரிகிறதோ அந்தக் கண்ணாடிப் பக்கம் மெல்லத் திருப்ப வேண்டும், சரியானதும் உடனே திரும்ப எடுக்க வேண்டும். தெரியவில்லையா, நிறுத்து, மஞ்சள் பட்டனை இழு, இறங்கிப் போய்ப் பார். ஒருநாள் ஒரே தடத்துக்கு என்னை ஏழு தரம் இறக்கி ஏற்றினார். ஏழாவது தரம் ட்ரெய்லரின் பின் மூலைக்கும் வேலிக் கம்பத்துக்கும் நடுவில் என் கையை விரித்து வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல். கண்ணாடியில் அது மூன்று அடி போலத் தெரிந்தது.

இன்னொரு நாள், கலிடன் பக்கத்துக் கிராமத்து றோட்டில் ஸ்ரொப் பலகைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன், ஆனால் சில்லு முழுதாக நிற்கவில்லை. ஒரு வாகனமும் வரவில்லை. பாஜி ஓரமாக நிறுத்தச் சொன்னார். 2018 ஏப்ரல் 6, சஸ்கச்சுவானில் ஹம்போல்ட் ஹொக்கி அணிப் பிள்ளைகளின் பஸ், ஸ்ரொப் பலகையில் நிற்காமல் வந்த ட்ரக்கில் மோதி 16 பேர் இறந்ததைச் சொன்னார். அந்த நேரம் ஒன்ராறியோவைத் தவிர வேறெந்த மாகாணத்திலும் கட்டாயப் பயிற்சி இல்லை. அந்த ட்ரக் சாரதியும் புதுசு, எங்கள் பஞ்சாபி ஆள் என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்றிலிருந்து வெறும் றோட்டிலும் முழுதாக நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன்.

முதல் ரெஸ்ற்றில் தவறிவிட்டேன். வலப்பக்கம் திரும்பும்போது ட்ரெய்லரின் பின் சில்லு றோட்டு ஓரக் கல்லில் ஏறிவிட்டது. முன் சில்லு போகிற வட்டத்தில் பின் சில்லு வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சந்திக்குள் நன்றாக முன்னுக்குப் போய்விட்டுத்தான் திருப்ப வேண்டும். தெரிந்திருந்தும் பின்னால் நின்ற கார்க்காரரின் ஹோனுக்கு அவசரப்பட்டேன். இரண்டாவது தரம் கிடைத்தது.

* * *

அண்ணா, வாசித்தேன். நான் ஏஜக்ஸில் இருக்கிறேன். என் வகுப்பில் நான் மட்டும்தான் பெண். உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சீற்றை எவ்வளவு முன்னுக்கு இழுத்தாலும் கிளச் எட்டாது என்று ஆட்டோமெற்றிக்கில் பழகினேன். அப்படி ரெஸ்ற் எடுத்தால் லைசன்ஸும் ஆட்டோமெற்றிக்குக்கு மட்டும்தான். வேலை தேடும்போது அது தடையாக இருக்கும் என்று பயந்தேன். இப்போது புது ட்ரக்குகளில் பெரும்பாலானவை ஆட்டோமெற்றிக் என்பதால் எனக்கு இதுவரை பிரச்சினை வரவில்லை.

என்னை அழ வைத்தது ஓட்டுவது இல்லை, ட்ரெய்லரைக் கழற்றுவது. ஐந்தாம் சில்லின் (ட்ராக்டரின் பின்னால் ட்ரெய்லரைத் தாங்கிப் பூட்டுகிற தட்டு) கைபிடியை இழுத்தால் வரவே வராது. வகுப்பிலிருந்த ஆண்கள் வந்து ஒரே இழுவையில் இழுத்துத் தருவார்கள். அதைப் பார்த்து இது பலம் வேண்டிய வேலை, எனக்குச் சரிவராது என்று முடிவே எடுத்துவிட்டேன். பிறகு ஒரு வயதான மாஸ்ரர் காட்டித் தந்தார். ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டுவிட்டு, ட்ராக்டரை மிக மெல்லப் பின்னுக்கு அழுத்தி அப்படியே பார்க்கிங் பிரேக்கைப் போடு. கிங்பின்னை, அதாவது ட்ரெய்லரின் அடியில் இருக்கிற முளையை, பிடித்திருக்கிற தாடையில் இறுக்கம் போய்விடும். பிறகு இழு. ஒரு கையால் வந்தது. அதற்கென்று நீளமான கொழுக்கிக் கம்பியும் விற்கிறார்கள், இருபது டொலருக்குள் வாங்கினேன். ட்ரெய்லரைத் தாங்கி நிறுத்துகிற காலை இறக்குகிற கைபிடியும் அப்படித்தான், அதில் பாரத்துக்கு ஒரு கியர், வேகத்துக்கு ஒரு கியர் இருக்கிறது. பாரக் கியரில் போட்டால் நிறையத் தரம் சுற்ற வேண்டும், ஆனால் யாரும் சுற்றலாம்.

பூட்டும்போது ஒன்று. பூட்டினதும் லைற் அடித்து அடியில் குனிந்து, தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ட்ரெய்லர் பிரேக் பிடித்திருக்க முன்னுக்கு ஒரு இழுவை இழுத்தும் பாருங்கள். எங்கள் யாட்டில் ஒரு பையன் இரண்டும் செய்யாமல் காலைத் தூக்கிவிட்டு வெளிக்கிட்டான். ட்ரெய்லரின் மூக்கு நிலத்தில் விழுந்த சத்தம் வகுப்பறைக்குள் கேட்டது. கடவுளே என்று பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

இப்போது மொன்றியல் ஓட்டம். பிள்ளைகள் படுக்கமுன் ஒரு வீடியோ அழைப்பு, அதுவும் நிறுத்தின இடத்தில் இருந்துதான்.

* * *

பதினெட்டு வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன். தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. ஸ்கூலில் பழக்காதது குளிர். கோடையில் லைசன்ஸ் எடுத்தவரை முதல் வேலையிலேயே தை மாதம் சூ செயின்ற் மரிக்கு மேலே, வாவா பக்கம் 17ஆம் இலக்க றோட்டில் விடுகிறார்கள். மழையில் நனைந்த பிரேக்கோடு ட்ரெய்லரை இரவு நிறுத்தினால், காலையில் பிரேக் கட்டை ட்ரம்மோடு உறைந்து ஒட்டியிருக்கும். வண்டியை எடுத்தால் சில்லு சுற்றாமல் இழுபடும், ரயர் தேய்ந்து போகும். அதைத் தட்டி விடச் சுத்தியல் ஒன்று வைத்திருங்கள். காற்றுத் தாங்கியில் சேர்கிற தண்ணீரை நாளாந்தம் திறந்து விடுங்கள். கனடாவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் ஓட்டலாம், அமெரிக்காவில் 11. வண்டியில் இருக்கிற கருவி அந்த மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டே இருக்கும். ஆனால் உங்களுக்கு நித்திரை வருகிறதா என்று அதற்குத் தெரியாது. அனுப்புகிறவர் என்ன சொன்னாலும் நிறுத்துங்கள்.

புதிதாக வருகிறவர்களிடம், உன் பெயரில் கொம்பனி பதிந்துகொண்டு வா, முழுக் காசும் கையில் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். மேலதிக நேரச் சம்பளம் இல்லை, ஓய்வூதியத்துக்கு அவர்கள் பங்கு இல்லை, வேலை போனால் ஈஐ என்கிற வேலையிழப்புக் காப்புறுதிக் காசும் இல்லை. அந்த வலையில் நானும் மூன்று வருடம் இருந்தேன். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

* * *

அண்ணா, அந்தத் தம்பி நான்தான். நேற்றுச் சேர்ந்துவிட்டேன். சேரமுன் இரண்டு இடத்தில் போய், ஒரு ட்ரக்கில் எத்தனை பேர், என் மணித்தியாலத்தை யார் எழுதுவது என்று கேட்டேன். முதல் இடத்தில் நேரான பதில் வரவில்லை. இரண்டாவது இடத்தில் கொப்பியை எடுத்துக் காட்டினார்கள், ஒவ்வொரு நாளும் பழக்குகிறவரும் பழகுகிறவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். அங்கேதான் கட்டினேன். கையை ஸ்ரியரிங்கின் அடியில் வைக்கிற விசயத்தை இன்னொருக்கால் சொல்ல முடியுமா?

* * *

தம்பி, சந்தோசம். நீயும் ஒரு தனிக் கொப்பியில் உன் மணித்தியாலத்தை எழுதி வை. கை விசயம்: அடியில் பிடி, வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை வலப்பக்கம் கொண்டுபோ, இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். யோசிக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை வந்தால் என் மகனின் விளையாட்டு ட்ரக்கை மேசையில் வைத்துக் காட்டுகிறேன், நானும் அதில்தான் பழகினேன்.

போன வருடம் ஊருக்குப் போனேன். அந்த மெசின் இன்னும் ஓடுகிறது. அப்பாவுக்கு இப்போது கழுத்துத் திரும்பாது, அதனால் பெட்டியைப் படலைக்குள் விடச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு இறங்கினேன். "ஏன் இறங்குகிறாய், நேராகத்தானே வருகுது" என்றார். பார்க்கிறேன் அப்பா என்றேன். அவரும் பொல்லை ஊன்றிக்கொண்டு மெல்ல வந்து, பெட்டிக்கும் படலைக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தார்.