டேப் மாற்ற எந்த ஷார்ட்கட் வைக்கலாம்?

வணக்கம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டருக்கு டேப் மாற்றும் ஷார்ட்கட்களை முடிவு செய்யணும்.

கன்ட்ரோல்+டேப் கட்டாயம் உண்டு. சிக்கல் வரிசையில்தான்: திரையில் இருக்கிறபடியா, கடைசியாகப் பார்த்தபடியா? ஃபயர்ஃபாக்ஸ் இதை செட்டிங்ஸில் நம்மிடமே விட்டுவிடுகிறது. இரண்டு ஃபைலை மாறி மாறிப் பார்ப்பவருக்குப் பின்னதுதான் வசதி. அப்போது இடம், வலம் நகர கன்ட்ரோல்+பேஜ்அப், பேஜ்டவுன் போதும். ஆனால் பல சின்ன லேப்டாப்களில் அதற்கு எஃப்என் கீயும் சேரும்; ஒரு கையால் ஆகாது.

கன்ட்ரோல்+சதுர அடைப்புக் கீகள்? தமிழ்99 கீபோர்டு லேஅவுட் போட்டிருந்தால் அங்கே வருவது ச, ஞ. கீயின் இடத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்க்கும் நிரலில் ஷார்ட்கட் வேலை செய்யாது. இதைச் சோதிக்காமல் வெளியிடுகிறவர்கள்தான் அதிகம்.

நேராக ஏழாவது டேபுக்குப் போக கன்ட்ரோல்+ஆல்ட்+7 வைக்கக் கூடாது. விண்டோஸில் ஆல்ட்ஜிஆர் (பல கீபோர்டுகளில் வலப்பக்க ஆல்ட் கீ) என்பது கன்ட்ரோல்+ஆல்ட்தான்; ஜெர்மன் கீபோர்டில் { அடிப்பதே ஆல்ட்ஜிஆர்+7.

மிச்சம் ஒரு கேள்வி: ஃபயர்ஃபாக்ஸ் போல விண்டோஸில் கன்ட்ரோல்+எண், லினக்ஸில் ஆல்ட்+எண் என்று பிரிக்கலாமா, இரண்டிலும் ஒன்றே போதுமா? தினமும் இரண்டிலும் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.