வீட்டாரே இசைக்குழுவாக இருக்கும்போது பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள்?

நான்கு தந்தி எழுதியது:

வணக்கம். எங்கள் ராக் குழுவில் வெளியார் எவரும் இல்லை. நான் பேஸ் கிதார் வாசிக்கிறேன். என் கொழுந்தனார் லீட் கிதார். 14 வயது மகள் ரிதம் கிதார் வாசித்தபடி பாடுகிறாள். 11 வயது மகன் டிரம்ஸ். பிறர் பாடல்களை வாசித்துத் தொடங்கிய நாங்கள் இப்போது சொந்தப் பாடல்களை மட்டுமே மேடையேற்றுகிறோம். எந்த நிறுவனத்தையும் சாராமல், நாங்களே ஒலிப்பதிவு செய்து நாங்களே வெளியிடுகிறோம்.

அண்மைக் காலமாக மகள் தானே பாட்டெழுதத் தொடங்கியிருக்கிறாள். அவள் கொண்டுவரும் மெட்டைச் சித்தப்பா திருத்துகிறார். திருத்தம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, என்றாலும் அவள் முகம் வாடிவிடுகிறது. அந்த நேரத்தில் நான் பேஸ் வாசிப்பவளாகப் பேச வேண்டுமா, தாயாகப் பேச வேண்டுமா என்பது எனக்கே விளங்குவதில்லை. மகனோ, நண்பர்கள் விளையாடப் போகும் மாலைகளில் ஒத்திகைக்கு உட்காருகிறான். விருப்பத்தோடுதான் உட்காருகிறான் என்று நம்புகிறேன். ஆனால், தான் வேண்டாம் என்று சொன்னால் குழுவே நின்றுவிடும் என்பது அவனுக்கும் தெரியும். இத்தகைய குழுவில் வாசித்தே வளர்ந்தவர்கள் யாரேனும் இருந்தால், அப்போது உங்களுக்கு எது நன்மை செய்தது, எது பாரமாக இருந்தது என்பதை எழுத வேண்டுகிறேன்.

கடைக்குட்டி எழுதியது:

அம்மா, நான் அப்படி வளர்ந்தவன்தான். அப்பா கிதார், அக்கா குரல், அண்ணன் டிரம்ஸ், நான் கீபோர்டு. முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே நாம் வாசிக்கும் பழக்கம், தனியாக ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு வர நெடுங்காலம் ஆகும்; எனக்கு அது நடை பழகியதைப் போலத் தானாக வந்தது. அண்ணன் எந்த இடத்தில் தாளத்தைச் சற்றே முன்னால் தள்ளுவான், அக்கா எந்த வரிக்கு முன் மூச்சு எடுப்பாள் என்பதெல்லாம் பார்க்காமலே தெரியும். இன்று வேறு குழுக்களில் வாசிக்கும்போது அந்த இணக்கத்தை நான் தேடுகிறேன், எளிதில் கிடைப்பதில்லை.

பாரம் எது என்று கேட்டீர்கள். ஒத்திகை முடியாததுதான் பாரம். ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகும், சாப்பிட உட்கார்ந்த இடத்தில், 'இரண்டாவது சரணத்தில் நேற்றும் இழுத்தாய், இன்றும் இழுத்தாய்' என்று பேச்சு தொடரும். மற்றக் குழுவில் சண்டை வந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். எங்களுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை. அக்கா வளர்ந்து, குழுவிலிருந்து விலக விரும்பியபோது, அப்பா அதைப் பாடகி விலகுவதாகப் பார்க்கவில்லை. மகள் தன்னை விட்டுப் போவதாகவே எடுத்துக்கொண்டார். இருவரும் இயல்பாகப் பேசிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

ஆகவே உங்கள் மகனைப் பற்றிய கவலைதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. அவன் ஒரு மாதம் வாசிக்காவிட்டாலும் குழு நடக்க வழி செய்யுங்கள். தாளத்தைத் தானே ஒலிக்கும் டிரம் மெஷினை வைத்தோ, டிரம்ஸும் மின்கருவிகளும் இல்லாத அக்கூஸ்டிக் வடிவிலோ சில பாடல்களைப் பழகி வைத்துக்கொண்டால், அவன் திரும்பி வருவதும் வராததும் அவன் விருப்பமாகிவிடும். தான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலையில் இருக்கும் சிறுவனிடம் 'உனக்குப் பிடித்திருக்கிறதா' என்று கேட்டால், அவன் வேறு என்ன பதில் சொல்வான்?

பழைய இசைத்தட்டு எழுதியது:

கடைக்குட்டி சொன்னதற்கு வரலாற்றில் இருபக்கமும் சான்று உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயரில் 'தி ஷாக்ஸ்' என்றொரு சகோதரிகள் குழு இருந்தது. அது அவர்களின் தந்தையின் கனவு. மகள்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கருவிகள் வாங்கித் தந்து, நாள்தோறும் பயிற்சி செய்ய வைத்து, 1969இல் தம் சொந்தச் செலவில் இசைத்தட்டும் பதிவு செய்தார். 1975இல் தந்தை இறந்ததும் குழு கலைந்துவிட்டது. பிற்காலத்தில் அந்தத் தட்டைப் பெரிய இசைக்கலைஞர்கள் பலர் வியந்து பேசினார்கள் என்பது உண்மைதான். அதனால் அந்தப் பெண்களின் பதின்வயது திரும்பி வந்துவிடாது.

மறுபக்கம், கலிபோர்னியாவில் 1978இல் 'ரெட் கிராஸ்' குழுவைத் தொடங்கிய அண்ணன் தம்பி இருவரும் அப்போது 15, 11 வயதுப் பையன்கள். அது முழுக்க அவர்களே விரும்பித் தொடங்கியது. உறுப்பினர்கள் பலர் மாறியும், நடுவே சில ஆண்டுகள் குழு ஓய்ந்திருந்தும், அந்த இருவரும் விலகவில்லை. நம் காலத்தில் 'தி லிண்டா லிண்டாஸ்' குழுவைப் பாருங்கள். அக்காள் தங்கை, அவர்களின் ஒன்றுவிட்ட சகோதரி, உறவல்லாத ஒரு தோழி. 2021இல் ஒரு நூலகத்தில் அவர்கள் வாசித்த காணொளி உலகெங்கும் பரவியது; அடுத்த ஆண்டு, பெரிய நிறுவனங்களைச் சாராத எபிடாஃப் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் வழியாக முதல் முழுத் தொகுப்பு வந்தது. அதைத் தயாரித்தவர் அந்தச் சகோதரிகளின் தந்தை. அவர் மேடையில் இல்லை, ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் இருந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். உறவல்லாத ஒருவர் குழுவில் இருப்பதும் நல்லதே. வெளியாள் முன்னிலையில் நாம் நம் பிள்ளையைக்கூடச் சற்று மரியாதையாகத்தானே பேசுகிறோம்!

மிக்சர் மேசை எழுதியது:

நான் ஒலிப்பொறியாளன்; உறவுச் சிக்கல்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பையனின் காதுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 85 டெசிபல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது பெரியவர்களின் பணியிடங்களுக்கான பரிந்துரை. ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் 15 நிமிடந்தான். சிறிய அறையில் டிரம்ஸ் வாசிப்பவரின் காதருகே 100 என்பது சாதாரணம். பஞ்சுபோன்ற மலிவான காதடைப்பான்கள் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலின் கூர்மையை அதிகமாக விழுங்கிவிடுவதால், பிள்ளைகள் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இன்னும் ஓங்கி அடிப்பார்கள். எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய சீராகக் குறைக்கும், இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான்களை வாங்குங்கள். நால்வருமே அணியுங்கள், பெரியவர்கள் அணியாததைச் சிறுவன் அணியமாட்டான்.

மகள் கிதார் ஒலிக்கு மேலே கத்திப் பாடுகிறாளா என்றும் கவனியுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவர்தான் தொண்டையைக் கிழித்துக்கொள்வார். அவள் குரலை அவளுக்கே கேட்கவைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் ஒன்றை அவள் முன்னால் வைத்துவிட்டு, கொழுந்தனாரின் ஆம்ப்ளிஃபையரைக் குறையுங்கள். லீட் கிதார் வாசிப்பவர்கள் இதற்கு ஒருபோதும் எளிதில் சம்மதிப்பதில்லை, அது வேறு கதை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நீங்களே வெளியிடுவதாகச் சொன்னதால் ஒன்று கேட்கிறேன்: பாடல்கள் யார் பெயரில் பதிவாகின்றன? ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. எழுதி மெட்டமைத்தவருக்குரியது ஒன்று, ஒலிப்பதிவுக்குரியது மற்றொன்று. வீட்டுக்குள்தானே என்று எல்லாவற்றையும் பெரியவர் ஒருவர் பெயரில் போட்டுவிடுவது வழக்கம். பின்னால் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது. 'தி பீச் பாய்ஸ்' குழுவில் சகோதரர்கள் மூவருக்கும் தந்தையே மேலாளர். 1964இல் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் பாடல் உரிமை நிறுவனம் அவர் கையில் இருந்தது. 1969இல் அதை அவர் சுமார் 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். அந்தக் காயம் ஆறவே இல்லை.

சிறார் ஈட்டும் பணத்தைப் பெற்றோரே செலவழித்துவிடக் கூடாது என்பதற்காகக் கலிபோர்னியாவில் 1939இலேயே சட்டம் வந்தது. இன்றைய வடிவில் அது 15 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தனியே வைக்கச் சொல்கிறது. உங்கள் வருமானம் சிறிதாக இருக்கலாம். இருந்தாலும் இருவருக்கும் தனிக்கணக்கு வைத்து, எந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாட்டு முடிந்த அன்றே தாளில் எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள்.

நான்கு தந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதுவரை எல்லாப் பாடல்களும் குழுவின் பெயரில் மட்டுமே இருக்கின்றன, அதை மாற்றுகிறோம். காதடைப்பான்களையும் வாங்கிவிடுகிறோம். கடைக்குட்டி அவர்களிடம் மட்டும் இன்னொரு கேள்வி: சித்தப்பாவின் திருத்தத்தை நான் தடுத்தால், மகளுக்குச் சலுகை காட்டுவதாக அவர் நினைக்கமாட்டாரா? அவருடைய செவி எங்கள் எல்லாரையும் விட நுட்பமானது என்பதையும் நான் மறுக்க முடியாது.

கடைக்குட்டி எழுதியது:

தடுக்க வேண்டாம், முறையை மாற்றுங்கள். பாட்டைக் கொண்டுவருபவர் முதலில் தனியாக ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, செய்யட்டும். அதைக் கேட்கும்போது யாரும் கருவியைத் தொடக் கூடாது. பிறகு, திருத்தம் வேண்டுமா என்பதை எழுதியவரே கேட்க வேண்டும். இது சித்தப்பாவின் பாடல்களுக்கும் உங்கள் பாடல்களுக்கும் பொருந்தும் என்றால் சலுகை என்ற பேச்சே எழாது. முதல் முறை அவர் பாட்டிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் மகள் அதில் என்ன மாற்றச் சொல்கிறாள் என்று அவரும் கேட்கட்டும். அவள் வைத்திருக்கும் டெமோக்களை அழிக்காமல் நாளிட்டுச் சேமித்து வையுங்கள், கணக்குப்பிள்ளை சொன்ன பங்கீட்டுக்கும் அவைதான் ஆதாரம்.