பள்ளச் சாலையின் விளிம்பில்: ஆன்டீட்டம் போர்க்களம் சென்றுவந்த அனுபவம்

பழைய போர்க்களங்களைப் பார்த்துவந்த அனுபவங்களை இங்கே பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றியே எழுதியிருப்பதால், அதற்கு முந்தைய ஆண்டில், 1862 செப்டம்பர் 17 அன்று, மேரிலாந்து மாநிலத்தின் ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரை ஒட்டி நடந்த ஆன்டீட்டம் போரின் களத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். இறந்தவர்கள், காயமடைந்தவர்கள், காணாமற்போனவர்கள் என்று வடக்கு (அமெரிக்க அரசு), தெற்கு (பிரிந்துபோன மாநிலங்கள்) ஆகிய இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் அந்த ஒரு பகலில் விழுந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு பெரிய உயிர்ச்சேதம் வேறு எந்தப் போரிலும் நேர்ந்ததில்லை.

வாஷிங்டனிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரப் பயணம். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் மனைவியோடும் மகனோடும் போனேன். கடைகளும் விடுதிகளும் சூழ்ந்த சுற்றுலாத் தலத்தை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அங்கே வயலும் வேலியும் பண்ணை வீடுகளும்தான் தென்பட்டன. 1890இல் அரசு இந்த இடத்தைக் காக்கத் தொடங்கியதிலிருந்து, நிலத்தை அன்றிருந்த நிலையிலேயே வைத்திருக்கப் பாடுபட்டு வருகிறார்கள். சண்டை விடிந்ததும் மூண்ட மக்காச்சோள வயலில் இன்றும் மக்காச்சோளம் விளைகிறது. நாங்கள் போனபோது பயிர் ஆளுயரத்தைத் தாண்டி நின்றது. டெக்சாஸின் முதலாம் படைப்பிரிவில் 226 பேர் அந்தப் பயிருக்குள் இறங்கினார்கள், அவர்களில் 186 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ காணாமலோ போனார்கள் என்று படித்திருந்தேன். வரப்போரம் நின்று காற்றில் தோகைகள் உரசும் சத்தத்தைக் கேட்டபோது, நான்கடிக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாமல் சுட்டுக்கொண்டிருந்த மனிதர்களின் நிலை முதன்முறையாக எனக்கு உறைத்தது.

களத்தின் நடுவே ராணுவத்துறை 1890களில் கட்டிய கற்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன்மேல் ஏறிப் பார்த்துவிட்டால் எல்லாம் புரிந்துவிடும் என்று எண்ணி நேரே அங்கே நடந்தேன். வழியில் சந்தித்த முதியவர் ஒருவர், பூங்காவின் தன்னார்வலர், எங்களைத் தடுத்து நிறுத்தி, “கோபுரத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மேலிருந்து பார்த்தால் எல்லாம் சமவெளியாகத் தெரியும். முதலில் ரூலெட் பண்ணைப் பக்கமிருந்து நடந்து வாருங்கள்” என்றார். அவர் பேச்சைக் கேட்டதுதான் அன்று நாங்கள் செய்த மிக நல்ல காரியம். என் அனுபவத்தில் நான் சொல்ல விரும்புவதும் பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்: ஆன்டீட்டத்தைக் காரில் சுற்றிப் பார்க்காதீர்கள், நடந்து பாருங்கள்.

வடக்குப் படையினர் முன்னேறிய திசையில், ரூலெட் பண்ணையிலிருந்து புல்மேட்டில் ஏறினோம். பென்சில்வேனியாவின் 132ஆம் படைப்பிரிவினர் இந்தப் பண்ணையைக் கடந்தபோது அங்கிருந்த தேன்கூட்டுப் பெட்டிகள் கவிழ்ந்துவிட, குண்டுகளோடு தேனீக்களும் அவர்களைத் துரத்தியிருக்கின்றன. மேடு மெல்ல மெல்ல உயர்கிறது. புல்லையும் வானத்தையும் தவிர எதிரில் ஒன்றும் தெரியாது. மேட்டின் உச்சியில் கால் வைத்த கணத்தில்தான் பள்ளச் சாலை கண்ணில் படுகிறது. அதற்கும் எங்களுக்கும் இடையே நூறு தப்படிகூட இல்லை. பல்லாண்டுகள் வண்டிச் சக்கரங்கள் அரைத்து அரைத்துத் தாழ்ந்துபோன அந்தப் பாதையில், வேலிக் கட்டைகளை முன்னால் அடுக்கிவைத்துத் தெற்குப் படையினர் காத்திருந்தார்கள். உச்சியில் தலைகள் தெரிந்ததும் முதல் சுற்றுச் சுட்டார்கள்.

சுமார் மூன்று மணி நேரம் அங்கே சண்டை நடந்தது. கடைசியில் பாதையின் ஒரு முனை வடக்குப் படையின் கைக்குப் போனதும், காத்த பள்ளமே பொறியாகிவிட்டது. நீளவாக்கில் சுட்டதில் உள்ளே இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள். அலபாமா படைப்பிரிவு ஒன்றின் தலைவரான ஜான் கார்டன் இங்கே ஐந்து முறை குண்டடிபட்டார். ஐந்தாவது குண்டு முகத்தைத் துளைக்க, தொப்பிக்குள் முகம் புதையக் கவிழ்ந்தவர், தொப்பியிலிருந்த குண்டுத் துளை வழியே இரத்தம் வடிந்ததால்தான் மூச்சுத் திணறிச் சாகாமல் பிழைத்ததாகப் பின்னாளில் சொன்னார். ‘இரத்தப் பாதை’ என்ற பெயர் அந்தப் பள்ளச் சாலைக்கு நிலைத்துவிட்டது. பாதைக்குள் இறங்கி நின்றபோது கரை என் தோளுக்கு இணையாக இருந்தது. மகன் அதுவரை விடாமல் பேசிக்கொண்டு வந்தவன், அங்கே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பிறகு கோபுரத்தில் ஏறினோம். முதியவர் சொன்னது சரிதான். நாங்கள் மூச்சு வாங்க ஏறிய மேடு அங்கிருந்து பார்க்கையில் வெறும் புல்வெளியாகத் தட்டையாகத் தெரிந்தது.

டங்கர் தேவாலயத்தை நாங்கள் அதிக நேரம் பார்க்கவில்லை. போரையே பாவமென்று விலக்கிய ஒரு சபையாரின் வெண்ணிறச் சிறு கட்டடம். கோபுரமோ அலங்காரமோ கிடையாது. 1921இல் புயலில் இடிந்து, 1962இல் பழைய பொருள்களையும் சேர்த்து மீண்டும் எழுப்பப்பட்டது. களத்தில் ஆறு தளபதிகள் உயிரிழந்த அல்லது மரணக் காயமடைந்த இடங்களில், வாய் கீழ்நோக்கியிருக்கும்படி பீரங்கிக் குழாயைக் கல்லில் நட்டிருக்கிறார்கள். அவற்றில் முதலாவதைப் பார்த்ததுமே ‘நடுகல்’ என்ற சொல்தான் நினைவுக்கு வந்தது.

செல்பவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு களத்தில் இறங்குவது நல்லது. வெற்றியொன்றுக்காகக் காத்திருந்த அதிபர் லிங்கன், தெற்குத் தளபதி லீயின் படை பொட்டோமாக் ஆற்றைக் கடந்து பின்வாங்கியதும், செப்டம்பர் 22 அன்று அடிமை விடுதலை முன்னறிவிப்பை வெளியிட்டார். கிளர்ச்சி செய்யும் மாநிலங்களின் அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை பெற்றவர்கள் என்றது அது. இதை மறந்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் படைப்பிரிவுகளின் வீரக்கதையாகவே முடிந்துவிடும்.

தேசியக் கல்லறையில் அன்றைய போரிலும் அருகில் நடந்த பிற போர்களிலும் இறந்த வடக்குப் படையினர் 4,776 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்; அவர்களில் 1,836 பேரின் பெயர் தெரியாது. அவர்களுக்கு எண் மட்டும் பொறித்த, முழங்கால் உயரம்கூட இல்லாத சிறு சதுரக் கற்கள். தெற்குப் படையினருக்கு அங்கே இடம் தரப்படவில்லை. ஹேகர்ஸ்டவுன் முதலிய வேறு ஊர்களில் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் பர்ன்சைடு பாலத்துக்குப் போனோம். பன்னிரண்டு அடி அகலமே உள்ள அந்தக் கல்பாலத்தை எதிர்க்கரை மேட்டிலிருந்து தெற்குப் படையின் சுமார் 500 ஜார்ஜியா வீரர்கள் மதியம் ஒரு மணிவரை காத்தார்கள். போர் முடிந்த சில நாள்களில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த புகைப்படத்தில் பாலத்தின் அருகே ஒரு சைக்கமோர் மரம் இளங்கன்றாக நிற்கிறது. அதே மரம் இன்று பாலத்தின்மேல் நிழல் விரிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. புகைப்படத்தைக் கைப்பேசியில் எடுத்து மகனிடம் காட்டினேன். அவன் படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பா, அன்னைக்கு நடந்ததையெல்லாம் இந்த மரம் பார்த்துச்சா?” என்று கேட்டான். “பார்த்துச்சுப்பா” என்றேன். வண்டிக்குத் திரும்பும்வரை அவன் திரும்பித் திரும்பி அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான்.