புல்லி பெருசாக்கினா என்ஜின் திணறுது, ஏன்?

பெகு தம்பி:
அண்ணே, வீட்டு நெல்லு மில்லுல டீசல் என்ஜின் பக்கம் 4 இஞ்ச் புல்லிய (பெல்ட்டு ஓடற சக்கரம்) கழட்டிட்டு 6 இஞ்ச் போட்டேன், மிஷின் நல்லா வேகமா சுத்துது, ஆனா நெல்லு கொட்டினதும் கரும்புகை தள்ளி இழுக்கவே மாட்டேங்குது. ஏன்?

மோல்மேன் மெக்கானிக்:
தம்பி, என்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுத்து, மிஷின் புல்லி 12 இஞ்ச்னு வச்சுக்க. 4 இஞ்ச்ல மிஷினுக்கு 500, 6 இஞ்ச்ல 750. வேகம் சும்மா கிடைக்காது, அதே நெல்ல அரைக்க என்ஜின் இப்ப ஒன்றரை மடங்கு முறுக்கு விசை (சுத்தி விடற பலம்) குடுக்கணும், அதுக்கு தாங்காம டீசல் சரியா எரியாம புகையாப் போகுது. சைக்கிள்ல பெரிய கியர்ல மேடு ஏறிப் பாரு, கால் சொல்லும். வேகம் கூடினா அரிசியும் நொய்யாகும்பா.

தட்டோன் அக்கா:
நான் நர்ஸ், எங்க வேலையிலயும் இதே கணக்குதான், அச்சுலேர்ந்து பாரம் தள்ளிப் போகப் போக பலம் கூட வேணும். முழங்கைதான் அச்சு, தசை அதுக்கு 4 செ.மீ. தள்ளி இழுக்குது, சாமான் 35 செ.மீ. தள்ளி உள்ளங்கையில இருக்கு, அப்ப 5 கிலோ தூக்க தசை 40 கிலோவுக்கு மேல இழுக்கணும். அதான் நோயாளிய தூக்கறப்ப உடம்போட ஒட்டிப் பிடிங்கன்னு புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன், கைய நீட்டித் தூக்கி இடுப்பு போனவங்கள நிறைய பாத்திருக்கேன்.

ரங்கூன் படகுக்காரன்:
ஜெட்டியில கயித்த கட்டையில சுத்தறமே, கயித்துக்கும் கட்டைக்கும் உராய்வுக் கெழு (உரசல் அளவு) 0.3ன்னா ஒரு சுத்துக்கே பிடி ஆறரை மடங்கு, ரெண்டு சுத்துக்கு 43 மடங்கு. பெல்ட்டு புல்லிய கவ்வறதும் இப்படித்தான்.

பெகு தம்பி:
4 இஞ்சே திரும்ப மாட்டிட்டேன் அண்ணே, புகை நின்னுருச்சு.