ஓமிவா கோயில்: மலை ஏறாமல் போனால் பிரயோஜனம் உண்டா?

கேள்வி

அடுத்த மாதம் அம்மாவோடு ஜப்பான் போகிறேன். நாராவில் மான்கள், பெரிய புத்தர் எல்லாம் பார்த்த பிறகு ஒரு நாள் மிஞ்சுகிறது. பக்கத்து ஊரான சகுராயில் இருக்கும் ஓமிவா ஷின்தோ (ஜப்பானின் பூர்வீக மதம்) கோயிலுக்குப் போகலாமா என்று யோசனை. அங்கே மிவா மலைதான் தெய்வம், கருவறையே கிடையாது என்கிறார்கள். அம்மாவுக்கோ முழங்கால் வலி. மலை ஏறாவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அம்மா சுத்த சைவம், சாப்பாட்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில் 1

தாராளமாக அழைத்துப் போங்கள். நான் ஒசாகாவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். மெய்ஜி காலம் (1868இல் தொடங்கியது) வரை சாதாரண ஜனங்கள் அந்த மலையில் கால் வைக்கவே முடியாது. கீழே நின்று கும்பிடுவதுதான் பழைய வழக்கம், ஏறுவதுதான் புதுசு. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

இப்போதுள்ள வழிபாட்டு மண்டபம் 1664இல் ஷோகுன் (அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவர்) தோகுகாவா இயெத்சுனா கட்டியது. அதன் பின்னால் மூன்று தோரி வாசல்களை (ஷின்தோ கோயில்களின் தோரண வாசல்) ஒன்றாகச் சேர்த்தது போல ஒரு வாசல். அதற்கு அப்பால் சன்னதி எதுவும் இல்லை, நேரே காடுதான். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும்.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு முதிய சுகி மரம் (ஜப்பானிய தேவதாரு மாதிரி) நிற்கிறது. இந்த மலையில் குடிகொண்டிருக்கும் ஓமோனோநுஷி தெய்வம் பாம்பு உருவில் வருவார் என்பது ஐதீகம். அந்தப் பாம்பு இந்த மரத்தில்தான் குடியிருக்கிறதாம். நான் போனபோது ஒரு பாட்டி கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பச்சை முட்டைகளை எடுத்து, துடைத்து, மரத்தடியில் சாகே என்ற அரிசி மதுவுக்குப் பக்கத்தில் வைத்தார். மது வடிப்பவர்களுக்கும் ஓமோனோநுஷிதான் குலதெய்வம் மாதிரி. சாகே வடிக்கும் இடங்களின் வாசலில் சுகி இலைகளால் கட்டிய பெரிய உருண்டை தொங்குமே, அந்த வழக்கத்துக்கு மூலம் இந்தக் கோயில்தான்.

பதில் 2

நீங்கள் மட்டும் ஏறுவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். பக்கத்திலுள்ள சாய் என்ற ஷின்தோ கோயிலில் பெயர் எழுதி 300 யென் கட்டினால் மணி கோத்த வெள்ளைப் பட்டை தருவார்கள், கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மதியம் 12 மணிக்கு மேல் பதிவு கிடையாது, 3 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். விசேஷ நாட்களில் ஏற விடமாட்டார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே படம் எடுக்கவோ சாப்பிடவோ கூடாது, தண்ணீர் குடிக்கலாம். உயரம் 467 மீட்டர்தான் என்றாலும் போய்வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் நல்ல செங்குத்து. அங்கே பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம், அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. அம்மா கீழே இருக்கட்டும், நான் ஏறிவிட்டு வருகிறேன். சாப்பாடு?

பதில் 1

மிவா என்றால் சோமென் நூடுல்ஸ்தான், நூல் மாதிரி மெல்லிசாக இருக்கும். ஆனால் அதோடு தரும் சாறு பெரும்பாலும் கருவாட்டு மீனில் எடுப்பது, கண்ணுக்குத் தெரியாது. அம்மாவுக்கு வேண்டாம். நாராவிலேயே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள். மிவா ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்குப் பொடிநடைதான், ஆனால் ரயில் அடிக்கடி கிடையாது. திரும்பும் நேரத்தை இறங்கியவுடனே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.