சூரை மீன் (டூனா) பிடிக்கப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நான் மாலத்தீவில் மூன்று வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். சின்ன ஊர், தீவின் பெயர் வேண்டாம். என்னிடம் படித்த பையனின் அப்பா தோணிக்காரர், ஒரு லீவு நாளில் கூட்டிப்போனார். ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்பியாச்சு. சூரைதானே பிடிக்கப்போகிறோம் என்று பார்த்தால், விடியும்வரை பவளப்பாறை ஓரமாக விளக்கைப் போட்டு விரல் நீளப் பொடி மீனைத்தான் அள்ளினார்கள். அதைக் கடல்தண்ணீர் வந்துபோகும் தொட்டியில் உயிரோடு விட்டுக்கொண்டு, அப்புறம்தான் வெளிக்கடல். பறவைக் கூட்டம் தெரிந்ததும் பொடி மீனை வீசி, குழாயில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், இரை துள்ளுகிறது என்று சூரை நம்பி மேலே வந்துவிடும். ஆளுக்கு ஒரு கழி, எதிர்முள் இல்லாத கொக்கி. இழுத்த வேகத்தில் மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் விழும்போதே கொக்கி கழன்றுவிடுகிறது. நான் ஒன்றைத் தூக்கிவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், சிரித்தார்கள், சரி.

பொடி மீன் தீர்ந்ததும் வேலை முடிந்தது. கூட்டம் இன்னும் அங்கேயே கொதித்துக்கொண்டிருந்தது. நான் கைகாட்டினேன், அவர் காலித் தொட்டியைக் காட்டினார். வலையால் வளைத்துப் பிடிக்க அங்கே அனுமதியே இல்லை. ஆமை, சுறா எதுவும் ஏறவில்லை, கண்ணால் பார்த்தேன். 2012-ல் இந்தக் கழித்தூண்டில் சூரைக்கு எம்எஸ்சி (கடலைக் கெடுக்காமல் பிடிக்கும் மீனுக்குச் சான்று தரும் அமைப்பு) சான்றிதழ் கொடுத்தது சும்மா இல்லை. ஆனால் பாறையில் அள்ளுகிற அந்தப் பொடி மீன்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மறுமொழி 1
சார், நான் தூத்தூர்ப் பக்கம். அப்பா ஆழ்கடல் போட்டில் போனவர். மஞ்சள் துடுப்பு உள்ள சூரையை நாங்கள் கேரை என்போம், நீளக் கயிற்றில் வரிசையாகக் கொக்கி கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் பிடித்துக் கொச்சியில் இறக்குவார்கள். தூண்டிலிலும் ஆமை மாட்டும், அப்பா கயிற்றை அறுத்து விட்டிருக்கிறார், அதனால் எங்களைச் சுத்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் பெரிய கப்பல்காரர்கள் மிதவையை மிதக்கவிட்டு, அதன் நிழலில் ஒதுங்குகிற குஞ்சுக் கேரையையும் சேர்த்து வளைத்துவிடுகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். இந்தியப் பெருங்கடலில் கேரையை அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டோம் என்று 2015-ல் விஞ்ஞானிகள் சொன்னபோது அப்பா ஆச்சரியப்படவில்லை. அவர் ஆதங்கம் வேறு: ஒவ்வொன்றாகப் பிடித்து, உடனே ரத்தம் வடித்து ஐஸில் வைத்த மீனுக்கும் ஏலத்தில் அதே விலைதான்.

மறுமொழி 2
நான் கொழும்பு. சீனிச் சம்பலுக்குப் போடும் மாசியும் இந்தச் சூரைதான், அவித்து, புகைபோட்டு, காயவைத்தது. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவுக்கு வந்த இப்னு பதூதாவே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அது சரி அண்ணா, நீங்கள் தூக்கிய மீன் என்னவானது?

மறுமொழி 3
தோணிக்காரர் வீட்டில் வெறும் தண்ணீரில் உப்புப் போட்டு அவித்தார்கள், கருதியா என்பார்கள். எலுமிச்சை பிழிந்து சோற்றோடு சாப்பிட்டேன், இடது கையால். வலது தோள் தூக்கவே முடியவில்லை.