இன்சுலின் கூட்டியும் பூனையின் சர்க்கரை 24-லேயே நிற்கிறது – எங்கே தப்பு?

செந்தூல்காரி
ஆண் பூனை, 9 வயது, கருத்தடை செய்தது, 6.2 கிலோ. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், மணல் தட்டு கட்டி கட்டியாக நிறைகிறது, தடவினால் முதுகெலும்பு தட்டுப்படுகிறது. இரண்டு வாரமாகக் கேனின்சுலின் (விலங்குகளுக்கான இன்சுலின்), 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி. 1 யூனிட்டில் தொடங்கி 2, இப்போது 4. வீட்டு மீட்டரில் காலை 24.3, இரவு 23.8 மில்லிமோல். சிரிஞ்சு பக்கத்து பார்மசியில் வாங்கியது. சாப்பாடு பிஸ்கட்தான், இரவில் அவித்த கெம்போங் மீனும் கொஞ்சம் சோறும். பின்னங்காலில் குதிகால் முழுக்கத் தரையில் பட நடக்கிறான். 5-க்கு ஏற்றலாமா?

மணல்தட்டு_கெப்போங்
ஏற்றாதீங்க. சிரிஞ்சு மூடி என்ன நிறம்? அதன் மேல் யு-40 என்று இருக்கா, யு-100 என்று இருக்கா?

செந்தூல்காரி
ஆரஞ்சு மூடி. யு-100, 0.3 மில்லி.

மணல்தட்டு_கெப்போங்
அங்கேதான் தப்பு. கேனின்சுலின் யு-40, அதாவது 1 மில்லியில் 40 யூனிட். பார்மசியில் மனிதர்களுக்கு விற்கும் சிரிஞ்சு, 1 மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்துக்குக் கோடு போட்டது. அதில் "4" என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.04 மில்லி. அதை 40-ஆல் பெருக்கிப் பாருங்க: 1.6 யூனிட். டாக்டர் கணக்கில் 4, பூனை உடம்பில் ஒன்றரை. முதல் வாரம் "1" போட்டபோது போனது வெறும் 0.4.

இப்போதுதான் ரொம்பக் கவனம் வேணும். விலங்கு கிளினிக்கில் கேட்டால் சிவப்பு மூடி யு-40 சிரிஞ்சு தருவாங்க. அதை வாங்கி வந்து பழக்க தோஷத்தில் "4" வரை இழுத்தீங்கன்னா, ஒரே ஊசியில் இரண்டரை மடங்கு ஏறிடும். சர்க்கரை அடியோடு இறங்கி வலிப்பு வரும். இன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, "இதுவரை உண்மையில் போனது 1.6 யூனிட்" என்று அந்த எண்ணையே சொல்லுங்க. 6.2 கிலோவுக்கு வழக்கமான தொடக்கம் கிலோவுக்கு 0.25 முதல் 0.5 யூனிட் என்பதால் அவர் 1.5-ல் இருந்து தொடங்கச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

இன்னும் இரண்டு விஷயம். கேனின்சுலின் கலங்கலான மருந்து, வெள்ளைத் துகள் அடியில் தங்கிடும். பால் மாதிரி ஒரே சீராக ஆகும் வரை குலுக்கி, நுரை அடங்கிய பிறகு இழுங்க. இவ்வளவு சின்ன அளவில் கடுகு அளவு காற்றுக்குமிழ்கூட டோஸைத் தின்றுவிடும், தட்டி வெளியேற்றுங்க. ஊசி போட்ட இடத்தில் ரோமம் ஈரமா இருந்தால் மருந்து வெளியே போயிருக்கு என்று அர்த்தம். எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மறுபடி போடவே கூடாது. அடுத்த நேரம் வரை விடுங்க. பாட்டில் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் இருக்கட்டும். ஃபிரீசர் பக்கம் உறைந்தாலும், நம்ம ஊர் வெயிலில் காரில் கிடந்தாலும் மருந்து போச்சு.

ஆயர்_ஈத்தாம்_அக்கா
பிஸ்கட் மூட்டையின் பின்பக்கம் பாரும்மா. மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் போட மாட்டான், நாமதான் கணக்குப் போடணும். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி 100-இல் கழி. புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 என்றால் மிச்சம் 38. கலோரிக்கு மாவையும் புரதத்தையும் 3.5-ஆல், கொழுப்பை 8.5-ஆல் பெருக்கு: 133, 105, 85. மொத்தம் 323, அதில் மாவு மட்டும் 41 சதவீதம். சர்க்கரைப் பூனைக்கு 12-க்குள் இருக்கணும். குழம்பு இல்லாத, கெட்டியா அரைத்த டின் உணவுகளில் பல இதற்குள் வரும். குழம்புள்ளதில் ஸ்டார்ச் கலந்திருக்கும்.

சோற்றை நிறுத்திடு. ஆனா கெம்போங் மட்டுமே சாப்பாடாகவும் வேண்டாம், கால்சியம் போதாது. எதையும் ஒரே நாளில் மாற்றாதே. மாவு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய டோஸே அதிகமாகிடும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா மாற்று, தினமும் ஊசிக்கு முன்னால் காது மடல் ஓரத்தில் குத்திப் பார். காதைச் சூடு பண்ணிக் குத்தினால்தான் சொட்டு வரும். வெதுவெதுப்பான அரிசி கட்டிய காலுறை போதும்.

செராஸ்_பூனைப்படை
சிரிஞ்சு சரியான பிறகும் இறங்காவிட்டால் பார்க்க வேண்டியவை: பல் சீழ், சிறுநீர்த் தொற்று (ஸ்ட்ரிப் எனும் சோதனைப் பட்டை மட்டும் போதாது, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை கேளுங்கள்), கணைய அழற்சி. சமீபத்தில் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? ஒன்று போட்டாலே வாரக்கணக்கில் இன்சுலினை எதிர்த்து நிற்கும்.

குதிகால் படிந்த நடை, சர்க்கரை நரம்பைப் பாதித்ததால் வருவது. கட்டுப்பாடு வந்தால் வாரங்கள், மாதங்களில் பெரும்பாலும் திரும்பும். அதுவரை சோபா பக்கத்தில் ஒரு படி வையுங்கள்.

வாந்தி, சாப்பிட மறுப்பு, சிறுநீர் ஸ்ட்ரிப்பில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பைக் கரைப்பதால் வரும் பொருள்) – மூன்றும் சேர்ந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே மருத்துவமனை. தள்ளாட்டம், மந்தம், திடீர்ப் பசி என்றால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். ஈறில் தேனைத் தடவிக்கொண்டே டாக்டருக்குப் போன் போடுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போகும். மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டும், ஆனால் "இது மீட்டர் பிசகு" என்று தாழ்ந்த எண்ணைத் தள்ளிவிடாதீர்கள்.

செந்தூல்காரி
நன்றி. டாக்டர் 1.5 என்றார். சிவப்பு மூடி வாங்கிட்டேன், பாதி டின்னுக்கு மாறியாச்சு. ஸ்டீராய்டு ஊசி எதுவும் இல்லை. ஏழாவது நாள் வீட்டில் எடுத்த கணக்கு: காலை 7 மணிக்கு 19.4, 9-க்கு 14.1, 11-க்கு 8.8, பகல் 1-க்கு 7.6, 3-க்கு 11.9, 5-க்கு 17.2, இரவு 7-க்கு 20.1. இரவு எண் இன்னும் 20. இப்போ கூட்டலாமா?

மணல்தட்டு_கெப்போங்
இல்லை. இரவு எண்ணைப் பார்க்காதீங்க, அடி எண்ணை, அதாவது இரண்டு ஊசிக்கு நடுவில் சர்க்கரை இறங்கிய மிகக் குறைந்த எண்ணைப் பாருங்க. பகல் 1 மணிக்கு 7.6 என்பது அருமையான அடி. 2 யூனிட் ஆக்கினால் அந்த 7.6 நாலுக்குப் பக்கம் போயிடலாம், இரவு 20 கொஞ்சம்தான் இறங்கும். மருந்து வேலை செய்யுது, 12 மணி நேரம் தாக்குப் பிடிக்கலை. கேனின்சுலின் நிறையப் பூனைகளில் இப்படித்தான் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த ஏழு எண்ணையும் டாக்டரிடம் காட்டி, அதைவிட நீண்ட நேரம் வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலின் தரலாமா என்று கேளுங்க.

கிளார்ஜின் தெளிந்த மருந்து, அதைக் குலுக்கக் கூடாது. பூனைக்கு வழக்கமாகத் தருவது யு-100, அதனால் அப்போ ஆரஞ்சு மூடிதான் சரி. அந்த மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு ஏறும். மாறும் அன்றைக்கே சிவப்பு மூடிகளை எல்லாம் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்திடுங்க, வீட்டில் ஒன்றுகூட வைக்காதீங்க.